ஒலியின் வம்சாவளி

1951 ஏப்ரலில் சிகாகோ ஆர்கெஸ்ட்ரா ஹாலில் ஒரே ஒரு மைக் தொங்கியது. மேடையில் சிகாகோ சிம்பொனி இசைக்குழு முழுவதும் உட்கார்ந்திருந்தது. நடத்துநர் ரஃபேல் குபெலிக். முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதி, பின்னாளில் ராவெல் முழு இசைக்குழுவுக்கு விரித்தெழுதிய ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ அன்றைய உருப்படி. மெர்க்குரி நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ராபர்ட் ஃபைன், பல மைக்குகளை வைத்துப் பிற்பாடு கலந்துகொள்ளும் வழியை விட்டுவிட்டு, நடத்துநரின் தலைக்கு மேலே உயரத்தில் அந்த ஒற்றை மைக்கைக் கட்டினார். எந்த வாத்தியம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை நடத்துநரின் கையும் அரங்கின் சுவர்களும் முடிவு செய்துகொள்ளட்டும் என்பது ஏற்பாடு. தட்டு வெளிவந்ததும் நியூயார்க் டைம்ஸின் விமர்சகர் ஹோவர்ட் டாப்மன், இசைக்குழுவின் உயிருள்ள சன்னிதியில் இருப்பதுபோல் இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். மெர்க்குரி அந்தச் சொல்லையே எடுத்துத் தன் தட்டு வரிசைக்குப் பெயராக்கிக்கொண்டது: ‘லிவிங் பிரசன்ஸ்’.

பாராட்டாகச் சொன்ன சொல்தான். ஆனாலும் அதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. குபெலிக் 1996-இல் காலமாகிவிட்டார். இன்று ஒருவர் அந்தத் தட்டை டர்ன்டேபிளில் வைத்து முள்ளை இறக்கினால் அறைக்குள் வருவது யார்? யாரும் வரவில்லை, பிளாஸ்டிக்கில் முள் உரசுகிறது, அவ்வளவுதான் என்பது ஒரு பதில். இசைக்குழுவே வந்துவிட்டது என்பது இன்னொரு பதில். ஒலி முழுவதையும் ஒரே சேனலில் சுமக்கும் பழைய மோனோ தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்பவர்களுக்கு இரண்டுமே போதுவதில்லை. முதல் பதில், கேட்கும்போது அவர்களுக்குள் நடப்பதை விட்டுவிடுகிறது. இரண்டாவது பதில், நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்கிறது.

இப்படி உட்கார்ந்து யோசித்துக் கேட்கும் வசதியே 1948-க்குப் பிறகு வந்ததுதான். அந்த ஆண்டு ஜூனில் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றிய பழைய அரக்குத் தட்டில் பக்கத்துக்கு நாலு நிமிடம், மிஞ்சினால் ஐந்து. ஒரு சிம்பொனியைக் கேட்டு முடிப்பதற்குள் பலமுறை எழுந்து தட்டை மாற்ற வேண்டும். வினைலில் செய்த புதிய தட்டு 33⅓ சுற்றில் ஓடி, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கும் மேல் இசைத்தது. மெண்டெல்சானின் வயலின் கான்செர்ட்டோவை நேதன் மில்ஸ்டைன் வாசிக்க, புரூனோ வால்டர் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்திய பதிவு, கொலம்பியாவின் அந்தப் புதிய வரிசையில் முதல் எண்ணைப் பெற்றது. ஸ்டீரியோ தட்டுகள் 1958-இல் பரவலாகக் கடைக்கு வந்தன. ஆக, மேற்கத்தியச் செவ்விசையின் மோனோ எல்.பி. தனியாட்சி செய்தது பத்தே ஆண்டுகள். அதற்குள் டினு லிபாட்டி 1950-லும் கேத்லீன் ஃபெரியர் 1953-லும் வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லர் 1954-லும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் கேட்க விரும்புகிறவர் மோனோவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

லிபாட்டி ருமேனியர், பியானோ கலைஞர். ஹாட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்று அவரை வருடக்கணக்கில் அரித்தது. 1950 கோடையில் கார்ட்டிசோன் மருந்து கொஞ்சம் தெம்பு கொடுத்தபோது, ஜெனீவாவில் ஷோபானின் 14 வால்ட்ஸ்களையும், பாஹின் முதல் பர்த்தீத்தாவையும், மொஸார்ட்டின் ஏ மைனர் சொனாட்டாவையும் பதிவு செய்தார். அதே உருப்படிகளோடு ஷூபர்ட்டையும் சேர்த்துச் செப்டம்பர் 16-ஆம் தேதி பிரான்சின் பெசான்சோன் நகரில் கச்சேரி. மருத்துவர் போக வேண்டாம் என்றார். ஒப்புக்கொண்டாயிற்று, வாசித்தே தீர வேண்டும் என்று போனார். பாஹ், மொஸார்ட், ஷூபர்ட் முடிந்து வால்ட்ஸ்களுக்கு வந்தார். 13 வாசித்தார். எஞ்சிய ஒன்றுக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. உள்ளே போய்ச் சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து, இயேசுவை மனிதரின் ஆனந்தமாகப் போற்றும் பாஹின் கோரலை வாசித்து முடித்தார் என்பது உடனிருந்தவர்கள் சொன்ன செய்தி. பிரெஞ்சு வானொலி அந்தக் கச்சேரியைப் பதிவு செய்தது. பின்னர் வெளியான தட்டில் 13 வால்ட்ஸ்கள் இருக்கின்றன, கோரல் இல்லை. டிசம்பர் 2-ஆம் தேதி லிபாட்டி இறந்தார். வயது 33.

ஜெனீவாப் பதிவு முழுமையானது. பெசான்சோன் பதிவில் குறை இருக்கிறது, கூடம் இருக்கிறது, ஜனங்களின் அசைவு இருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968-இல் எழுதிய ‘லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்’ நூலில் கறாரான விதி ஒன்றை வைத்தார். எழுதிவைத்த ஸ்வரங்களில் ஒன்று தவறினாலும் அந்த வாசிப்பு அந்தப் படைப்பின் வாசிப்பு ஆகாது என்பது அது. படைப்பை அடையாளம் காண இந்த விதி உதவலாம். பெசான்சோன் தட்டை ஏன் ஒருவர் கீழே வைக்க முடியாமல் கேட்கிறார் என்பதற்கு அதில் விடை கிடையாது. அங்கே அவர் தேடிப் போவது ஷோபானின் படைப்பை மட்டுமல்ல. இன்ன நாளில், இன்ன ஊரில், இந்த மனிதர் செய்த ஒரு காரியத்தைத் தேடிப் போகிறார்.

அதே லிபாட்டியின் பெயரில் நடந்த ஒரு குளறுபடி இந்த விஷயத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. 1960-களில் ஷோபானின் ஈ மைனர் கான்செர்ட்டோ லிபாட்டி வாசித்தது என்று தட்டாக வெளிவந்தது. இசைக்குழு எது, நடத்துநர் யார் என்ற விவரம் இல்லை. லிபாட்டியின் ரசிகர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். 1981-இல் பிபிசி அதை ஒலிபரப்பியபோது, இதை வேறு எங்கோ கேட்டிருக்கிறோமே என்ற ஐயம் நேயர் ஒருவருக்கு எழுந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாசித்தவர் போலந்தின் ஹலினா ஷெர்னி ஸ்டெஃபான்ஸ்கா. உடன் வாசித்தது செக் ஃபில்ஹார்மானிக். 1949-இல் வார்சாவின் ஷோபான் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். 1981-இல் உயிரோடு இருந்தார்.

இறந்தவரின் சன்னிதி என்று எண்ணிக் கேட்டது, உயிரோடு இருந்த ஒரு பெண்ணின் வாசிப்பு. தட்டின் வரிகளில் ஓர் இம்மியும் மாறவில்லை. காதுக்கு வந்த ஒலி முந்தைய நாள் வந்ததேதான். ஆனால் அந்தத் தட்டைப் பழையபடி யாராலும் கேட்க முடியவில்லை. இதைக் கேட்பவர்களின் பலவீனம் என்று சொல்லிவிடுவது சுலபம். பெயரைப் பார்த்து மயங்கினார்கள், பெயர் மாறியதும் தெளிந்தார்கள் என்று. அப்படிச் சொல்வது நியாயமில்லை. ஒலி எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்பதும் ஒலியைக் கேட்பதில் அடக்கம் என்பதைத்தான் அந்தச் சம்பவம் காட்டியது. இனி ஷெர்னி ஸ்டெஃபான்ஸ்காவுக்கு உரிய கவனத்தை அவருக்கே கொடுத்துக் கேட்கலாம். அதுவும் நல்ல வாசிப்பு.

ஒலிப்பதிவை ஐயத்தோடு பார்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. வால்டர் பெஞ்சமின் 1930-களின் நடுவில், பாரிசில் அகதியாக இருந்தபோது, இயந்திரம் பிரதி எடுக்கும் காலத்தில் கலைப்பொருள் என்ன ஆகிறது என்று எழுதிய கட்டுரையில், பிரதிக்கு இல்லாத ஒன்றைச் சுட்டினார். மூலம் இருக்கும் இடத்தில், இருக்கும் கணத்தில் மட்டும் உள்ள அதன் தனித்தன்மை அது. திறந்த வெளியில் பாடிய பாட்டு வீட்டு அறைக்குள் வந்து ஒலிப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். நடத்துநர் செர்ஜு செலிபிடாக்கே அந்த எண்ணத்தை வாழ்க்கையாகவே நடத்தினார். ஜென் பௌத்தத்திலும் நிகழ்வியல் தத்துவத்திலும் தோய்ந்த அவர், இசை அந்த அரங்கில் அந்தக் கணத்தில் உருவாவது, தட்டில் இருப்பது வேறெதுவோ என்று சொல்லி, பல பத்தாண்டுகள் வணிகப் பதிவுகளை மறுத்தார். 1996-இல் அவர் மறைந்தபின் குடும்பத்தார் சம்மதத்தோடு மியூனிக் கச்சேரிப் பதிவுகள் வெளிவந்தன. அவற்றைக் கேட்காமல் இருக்கும் வைராக்கியம் அவருடைய ரசிகர்களில் எத்தனை பேருக்கு வரும்?

பெஞ்சமினும் செலிபிடாக்கேயும் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டு தொடங்குகிறார்கள். அரங்கில் கேட்பவர் மூல ஒலியைக் கேட்கிறார், வீட்டில் கேட்பவர் நகலைக் கேட்கிறார் என்ற பிரிவினை அது. இந்தப் பிரிவினை சரிதானா என்று நியாய சாஸ்திரக்காரரைக் கேட்டால் அவர் முதல் வரியிலேயே நிறுத்திவிடுவார்.

சப்தத்தைப் பற்றி மீமாம்சகருக்கும் நையாயிகருக்கும் நூற்றாண்டுகள் நீண்ட வழக்கு உண்டு. மீமாம்சகருக்குச் சப்தம் நித்தியம். வேதம் யாராலும் இயற்றப்படாதது என்று நிலைநாட்ட வேண்டியவர்கள் அவர்கள். உச்சரிப்பு சப்தத்தை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதை வெளிப்படுத்துகிறது என்பார்கள். நேற்றுக் கேட்ட ககரமும் இன்று கேட்கும் ககரமும் ஒன்றே என்று நாம் அடையாளம் கண்டுகொள்வதே அதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். நையாயிகர் மறுக்கிறார். சப்தம் ஆகாயத்தின் குணம். பிறக்கிறது, கணத்தில் அழிகிறது, அழியுமுன் அடுத்த சப்தத்தைப் பிறப்பிக்கிறது. முரசில் பிறந்த ஒலி காது வரை நடந்து வருவதில்லை. அலை அலையைத் தள்ளுவதுபோல் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்து வரும் தொடரில் கடைசியாகப் பிறந்தது மட்டுமே காதில் படுகிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் வீசி தரங்க நியாயம். எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் பரவுவதைச் சொல்லக் கதம்ப மொட்டை உவமை காட்டுவார்கள்.

அப்படியென்றால் அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் குபெலிக்கின் வயலின் கலைஞர்கள் எழுப்பிய ஒலியைக் கேட்கவில்லை. அந்த ஒலியின் வழித்தோன்றலைக் கேட்கிறார். அரங்கில் கேட்பவர், வீட்டில் கேட்பவர் இருவருக்கும் வந்து சேர்வது வம்சத்தின் கடைசிப் பிள்ளைதான். ஒருவருக்கு வம்சம் குறுகியது, மற்றவருக்கு நீண்டது. மூலம், நகல் என்ற கத்திவெட்டு இந்த இடத்தில் மழுங்கிப்போகிறது.

நையாயிகர் இங்கே ஓர் ஆட்சேபம் எழுப்புவார், எழுப்பவும் வேண்டும். மைக்கில் பட்ட ஒலி மின்னாகி, நாடாவில் காந்தமாகி, வினைலில் பள்ளமாகி, அங்கேயே எழுபது ஆண்டு கிடக்கிறது. அந்த எழுபது ஆண்டில் சப்தம் எங்கே? தொடர் அறுந்துவிட்டதே? இதற்கும் அவருடைய சாஸ்திரத்திலேயே கருவி இருக்கிறது. அன்னம்பட்டர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய தர்க்க சங்கிரகம், நியாயம் பயில்பவர்களின் முதல் பாடநூல். சிவஞான முனிவர் அதைத் தமிழாக்கியிருக்கிறார். அதில் சம்ஸ்காரம் என்ற குணம் வருகிறது. அனுபவம் மறைந்தபின் அது விட்டுச்சென்ற தடம் ஆன்மாவில் உறங்கிக் கிடந்து, தூண்டுகோல் கிடைத்ததும் நினைவாக எழுகிறது. நினைவு புதிய அறிவு ஆகாது. அதற்காக அது பொய்யும் ஆகாது. சரியான அனுபவத்திலிருந்து பிறந்த நினைவு யதார்த்தம், பிழையான அனுபவத்திலிருந்து பிறந்தது அயதார்த்தம் என்று அன்னம்பட்டர் பிரிக்கிறார்.

சாஸ்திரப்படி அந்தத் தடம் ஆன்மாவுக்கு மட்டுமே உரியது. வினைலுக்கு ஆன்மா கிடையாது. ஆகையால் இதைச் சாஸ்திரப் பிரயோகம் என்று சொல்லிவிட முடியாது, கடன் வாங்கிய சிந்தனை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் முதலில் கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருந்தும் பதில் கிடைப்பது அரிது. மோனோ தட்டிலிருந்து வருவது சன்னிதியும் இல்லை, பொம்மையும் இல்லை. நடந்த ஒன்று விட்டுச்சென்ற தடம், தூண்டப்பட்டு எழுகிறது. அதன் உண்மை அதன் பிறப்பில் இருக்கிறது. போலி லிபாட்டித் தட்டில் தவறியது ஒலி அன்று, பிறப்பு. அதனால்தான் ஒலி அப்படியே இருந்தும் எல்லாம் மாறிப்போனது.

இப்படிப் பார்த்தால், பழைய தட்டுக்காரர்களின் சில பிடிவாதங்கள் வெறும் பைத்தியமாகத் தோன்றாது. மோனோ தட்டின் வரியில் இசை முழுவதும் முள்ளின் இட வல அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ தட்டில் வரியின் இரு சுவர்களும் 45 பாகை சாய்ந்து, ஆளுக்கொரு சேனலைச் சுமக்கின்றன. ஆலன் புளூம்லைன் 1931-லேயே காப்புரிமை கோரிய ஏற்பாடு அது. ஆகவே ஸ்டீரியோ காட்ரிட்ஜ் மேல் கீழ் அசைவையும் ஒலியாக்கிவிடும். மோனோ தட்டில் மேல் கீழாக இருப்பதெல்லாம் தூசியும் தேய்மானமும் மட்டுமே. மோனோ காட்ரிட்ஜைப் போட்டால், அல்லது ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்தி இரண்டு சேனலையும் சேர்த்துவிட்டால், அந்த இரைச்சலில் பெரும்பங்கு அடங்குகிறது. முள்ளின் நுனியும் வேறு: மோனோ எல்.பி.க்கு 25 மைக்ரான் அளவு, ஸ்டீரியோவுக்கு 18 அல்லது அதற்கும் கீழே. 1954-இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிலகச் சங்கம் பொது அளவை வகுக்கும்வரை, கீழ்ஸ்தாயியை எவ்வளவு குறைத்து, மேல்ஸ்தாயியை எவ்வளவு கூட்டித் தட்டை வெட்டுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கையே வைத்திருந்தது. அந்தக் கணக்கைத் தெரிந்து திருப்பி ஈடுசெய்யாவிட்டால் செல்லோ ஊதிப்போகும், வயலின் கீச்சிடும். கேட்பவர் அதைக் கலைஞரின் குறையாக எடுத்துக்கொள்வார். பிழையான நினைவு பிறப்பது இப்படித்தான்.

வம்சத்தில் பிறகு வந்து கலந்தவர்களை என்ன செய்வது? ஃபெரியரின் கதை இங்கே சங்கடமான இடத்துக்கு இட்டுச்செல்கிறது. கேத்லீன் ஃபெரியர் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர். பெண்குரலில் மிகத் தாழ்ந்த வகையான கான்ட்ரால்டோ அவருடையது. மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த நிலையில், 1952 அக்டோபர் 7, 8 தேதிகளில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பாஹ், ஹேண்டல் பாடல்களை டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார். லண்டன் ஃபில்ஹார்மானிக்கை நடத்தியவர் ஏட்ரியன் போல்ட். சரியாக ஓராண்டு கழித்து, 1953 அக்டோபர் 8 அன்று ஃபெரியர் இறந்தார். வயது 41. ஸ்டீரியோ வந்தபின் டெக்கா ஒரு காரியம் செய்தது. 1960-இல் அதே போல்ட், அதே இசைக்குழு. ஃபெரியரின் மோனோக் குரலை ஓடவிட்டு, அதனோடு ஒட்டி இசைக்குழுவை மட்டும் புதிதாக ஸ்டீரியோவில் வாசிக்கவைத்தார்கள். இறந்து ஏழு ஆண்டு ஆனவருக்குப் பக்கவாத்தியம்.

அன்பினால் செய்த காரியம் என்பதில் ஐயமில்லை. போல்ட் அவரை நன்றாக அறிந்தவர். ஆனால் இரண்டு தட்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, 1952 மோனோத் தட்டின் பக்கமே நியாயம் சாய்கிறது. அங்கே பாடுபவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நடத்துநர் காத்திருக்கிறார். நடத்துநர் காத்திருப்பதை உணர்ந்து பாடுபவர் அடுத்த சொல்லைத் தொடங்குகிறார். இருவருக்கும் இடையே போக்குவரத்து இருக்கிறது. 1960-இல் அது ஒருவழிப்பாதை. போல்ட் அவருக்கு இசைந்து போகலாம், அவர் போல்டுக்கு இசைய முடியாது. ஒலி அகன்றது, உறவு போயிற்று. நினைவில் நடக்காத ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள்.

மோனோ என்றாலே தூய்மை என்று வழிபடவும் வேண்டியதில்லை. 1952 ஜூனில் ஃபுர்ட்வெங்லர் நடத்திய வாக்னரின் ‘டிரிஸ்டன் உண்ட் இஸோல்டே’ அதே கிங்ஸ்வே ஹாலில் பதிவானது. இஸோல்டேயாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடுக்கு அப்போது 56 வயது. உச்சத்தில் வரும் ‘ஹை ஸி’ ஸ்வரங்களை அவருக்குப் பதில் எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப் பாடிக் கொடுத்தார். விஷயம் வெளியே கசிந்தபோது ஃப்ளாக்ஸ்டாட் மனம் புண்பட்டார். ஒலிநாடா வந்த நாளிலேயே கத்தரிக்கோலும் வந்துவிட்டது.

ஃபெரியர் பாடிய பாஹும் ஹேண்டலும் வழிபாட்டு நூல்களிலிருந்தும் வேதாகமத்திலிருந்தும் வந்த சொற்கள். இங்கே கேள்வி தத்துவத்தைத் தாண்டிச் சமயத்துக்குள் நுழைகிறது. தட்டில் ஓடும் துதி, துதியாகுமா?

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு மோனோ யுகத்தின் கடைசியில் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. 1958 செப்டம்பர் 3-ஆம் தேதி, பன்னிரண்டாம் பயஸ் இறப்பதற்கு ஐந்து வாரம் முன்பு, திருச்சடங்குகளுக்கான ரோமாபுரிச் சபை திருவழிபாட்டு இசை குறித்து ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. தானியங்கி ஆர்கன், கிராமபோன், வானொலி, நாடாக் கருவி ஆகியவை வழிபாட்டில் பாடகருக்கு மாற்றாக வரக்கூடாது என்று அது தடுத்தது. வழிபாடு நடக்காத நேரத்தில், போதனைக்காகவும் பாட்டுப் பழகவும் அவற்றைப் பயன்படுத்த அனுமதித்தது. இயந்திரத்தின் மேல் அருவருப்பு காட்டும் ஆவணம் அன்று அது. வழிபாடு என்பது அங்கே இருக்கும் மனிதர் அப்போது செய்யும் செயல். தட்டு செயல் புரிவதில்லை என்ற எளிய நிலைப்பாடுதான்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத மிஷ்னாவில் இதைவிட நுட்பமான ஒரு பகுதி இருக்கிறது. புத்தாண்டு நாளில் ஆட்டுக்கொம்பு ஊதக் கேட்பது யூதருக்குக் கடமை. ஒருவர் குழிக்குள்ளோ பெரிய தாழிக்குள்ளோ ஊதினால்? கேட்டவர் கொம்பின் ஒலியைக் கேட்டிருந்தால் கடமை நிறைவேறியது, எதிரொலியைக் கேட்டிருந்தால் நிறைவேறவில்லை என்கிறது நூல். அதே இடத்திலேயே இன்னொரு வழக்கையும் எடுக்கிறது. ஜெபக்கூடத்துக்குப் பின்னால் தெருவில் போகிறவர் கொம்பொலியைக் கேட்கிறார். மனத்தை அதில் வைத்திருந்தால் கடமை நிறைவேறியது, வைக்காவிட்டால் இல்லை. இரண்டு பேருக்கும் காதில் விழுந்தது ஒரே ஒலி என்றும் சொல்கிறது.

ஒலியின் பிறப்பு, கேட்பவரின் மனம் ஆகிய இரண்டு நிபந்தனைகளையும் ஒரே மூச்சில் வைக்கும் அந்தப் பகுதி, தட்டு கேட்பவருக்கும் பொருந்துகிறது. முதல் நிபந்தனைப்படி தட்டு எதிரொலி. சடங்குக் கடமையை அது நிறைவேற்றாது. ரோமாபுரியும் மிஷ்னாவும் இதில் ஒன்றுபடுவது சரியென்றே தோன்றுகிறது. இரண்டாவது நிபந்தனை வேறு கதவைத் திறக்கிறது. மனம் வைப்பது கேட்பவரின் செயல். அது இப்போது, இங்கே, உயிருள்ள ஒருவர் செய்வது. ஃபெரியர் 1952-இல் ஒரு செயல் செய்தார், கேட்பவர் இன்று ஒரு செயல் செய்கிறார். நடுவில் இருக்கும் வினைல் எந்தச் செயலும் செய்யவில்லை.

புனித அகுஸ்தீன் இதற்கு நேரெதிரான பக்கத்திலிருந்து கவலைப்பட்டார். தம் ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் பகுதியில், சங்கீதங்கள் பாடப்படும்போது சொல்லின் பொருளைவிடக் குரலின் இனிமை தம்மை அதிகமாக இழுத்துவிடுகிறது என்றும், அப்படி நேரும்போது தாம் பாவம் செய்வதாகவும் எழுதினார். அதற்காகப் பாட்டையே விலக்கிவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. மிலான் நகரில் புதிதாக விசுவாசத்துக்குத் திரும்பிய நாட்களில் பாட்டைக் கேட்டு அழுதவர் அவர். ஃபெரியரின் குரலுக்காக ஹேண்டலின் ‘மெஸையா’ பாடலைத் திரும்பத் திரும்பப் போடுபவருக்கு அகுஸ்தீனின் கவலை புரியும். அந்தக் குரலின் மேல் வைத்த ஆசையை விட்டுவிட அவர் விரும்பாததும் புரியும்.

இந்த எல்லாக் கேள்விகளும் வந்து கூடும் தட்டு வரிசை ஒன்று இருக்கிறது. அதன் கதை வடஜெர்மனித் துறைமுகமான லூபெக்கில் தொடங்குகிறது. 1705-இல், இருபது வயதுப் பாஹ் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து 400 கிலோமீட்டர் அளவு தூரத்தை நடந்தே கடந்து, அங்கே மரியாள் ஆலயத்தில் புக்ஸ்டெஹூடே ஆர்கன் வாசிப்பதைக் கேட்கப் போனார். 1942-இல் குருத்தோலை ஞாயிறை ஒட்டிய இரவில் பிரிட்டிஷ் விமானங்கள் நகரைக் குண்டு வீசி எரித்தன. மரியாள் ஆலயத்தின் ஆர்கன்கள் எரிந்து போயின. யாக்கோபு ஆலயம் தப்பியது. 1630-களில் ஸ்டெல்வாகன் விரித்துக் கட்டிய அதன் சிறிய ஆர்கனும் தப்பியது. ஐந்தாண்டு கழித்து, 1947 ஆகஸ்டில், டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம் தன் புதிய ‘ஆர்ஹிவ்’ வரிசைக்காக அந்தச் சிறிய ஆர்கனில் பாஹைப் பதிவு செய்யத் தொடங்கியது. வாசித்தவர் ஹெல்முட் வால்ஹா. 1950-லும் 1952-லும் காப்பெல் என்ற கிராமத்தின் ஆலயத்தில் வேலை தொடர்ந்தது. அங்கிருந்தது 1680-இல் ஆர்ப் ஷ்னிட்கர் ஹாம்பர்க் ஆலயம் ஒன்றுக்காகக் கட்டி, 1816-இல் காப்பெலுக்கு வந்து சேர்ந்த ஆர்கன். பெருநகரிலிருந்து அகன்றதால் போர்களைத் தாண்டியது.

வால்ஹாவுக்குப் பார்வை கிடையாது. இளமையில் அம்மைத் தடுப்பூசியின் விளைவால் கண்பார்வையை இழந்தவர். பல குரல்கள் பின்னிவரும் பாஹின் ஃபியூகுகளை அவர் கற்ற விதம் பலருக்கும் தெரிந்தது: தாயோ மனைவியோ ஒரு குரலை மட்டும் தனியே வாசிப்பார்கள். அதை மனப்பாடம் செய்வார். பிறகு அடுத்த குரல். நான்கையும் தனித்தனியே உள்ளே வாங்கி, உள்ளேயே ஒன்றுசேர்ப்பார். பாஹின் ஆர்கன் படைப்புகள் பெரும்பாலானவற்றை இப்படித்தான் வைத்திருந்தார்.

மோனோவில் அந்த ஃபியூகைக் கேட்கிறவருக்கும் ஏறத்தாழ அதே வேலைதான் காத்திருக்கிறது. ஸ்டீரியோவில் ஒரு குரல் இடப்பக்கத்திலும் மற்றொன்று வலப்பக்கத்திலும் வந்தால், பிரித்துக் கேட்பதில் பாதியை ஸ்பீக்கர்களே செய்துகொடுத்துவிடும். மோனோவில் நான்கு குரல்களும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. குழாய்களின் நிறம், நுழையும் நேரம், சுருதி இவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்பவரே பிரிக்க வேண்டும். ஷ்னிட்கரின் குழாய்கள் ஒவ்வொன்றும் தெளிவாகப் பேசுவதால் அது முடிகிறது. ஒற்றை ஸ்பீக்கரில் காப்பெல் பதிவுகளைக் கேட்டுப் பழகியவர்கள் அவற்றை விடாமல் பற்றியிருப்பதற்குக் காரணம் பழமை மோகம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே மனம் வைக்காமல் கேட்க வழியே இல்லை.

வால்ஹா 1956-இல் நெதர்லாந்தின் ஆல்க்மார் ஆலயத்தில் மறுபடியும் பாஹைத் தொடங்கினார், இம்முறை ஸ்டீரியோவில். 1971 வரை நீண்ட அந்தத் தொகுப்பு விரிவானது, அழகானது, இன்று பலரும் வால்ஹா என்று அறிந்திருப்பது அதைத்தான். இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஆல்க்மார் தட்டை ஆனந்தமாகக் கேட்டு முடிக்கிறார்கள். காப்பெல் தட்டில் மூன்று குரல்களைப் பிடித்துவைத்திருக்கும் நேரத்தில் நான்காவது மிதிகட்டையில் இறங்குகிறது. அந்த இடத்தில் நடுக்குரலைத் தவறவிட்டவர் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, ஃபியூகின் தொடக்கத்தில் மறுபடி வைக்கிறார்.